கறுப்புப் பசை

நம் தெரு அசன் மைதீனுடைய மைத்துனர் யஹ்யாவை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பகலில் பேட்டையில் லேத்துப் பட்டறை. பொழுது சாய்ந்தால் வீடுகளில் எடுத்த பழைய படச்சுருள்களைத் தம் குளியலறையில் கழுவிப் படமாக்குவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே தாழிட்டுவிட்டால், சுருள், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர் மருந்தில் ஊறி முடியும்வரை, வீடே பற்றி எரிந்தாலும் கதவைத் திறக்கமாட்டார். கீற்று வெளிச்சம் பட்டாலும் படம் போய்விடும்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள்… பட்டறைகள் அடைத்து, சாலையில் நாய்கூட இல்லாத நேரம். முக்கூடலிலிருந்து பெருமாள்ராஜ், பழைய கேமராவுக்குள் கழுவாமலே கிடந்த ஒரு சுருளோடு வந்தான். கூடவே தடியூன்றியபடி அவன் பெரியப்பா. தடியைப் பிடித்த கையில் கட்டைவிரல் பாதிதான். அரிசி ஆலைப் பட்டையில் சிக்கிப் போனதாம்.

“இந்த ஃபிலிமே இப்ப கிடையாது வே. இதுக்குள்ள மருந்தும் கிடையாது, கலர் வராது. கறுப்பு வெள்ளையாத் தேறுனா உண்டு,” என்றார் யஹ்யா.

“சித்தி முகம் தெரிஞ்சாப் போதும் வே. ஆத்துல வழுக்கி விழுந்து செத்தா. வீட்டுல ஒரு போட்டோகூடக் கிடையாது.”

“இருந்ததை நாந்தான் எரிச்சேன்,” என்றார் பெரியப்பா. “செத்தவ மூஞ்சி எதுக்குலே?”

யஹ்யா தாழிட்டார். இருட்டு. சோடா நீரில் ஊறிய சுருளின் முதுகில், அந்தக்கால ஃபிலிமுக்கே உரிய கறுப்புப் பசையை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஆற்றுச் சேற்று வாடை… சுருளின் மறுமுனையை யாரோ இழுத்தார்கள். முதலில் பைய. பிறகு வெடுக்கென்று.

கழுத்தில் சுருக்கு விழுந்தது. முகம் சிமெண்டுத் தொட்டியில் மோதிற்று. மீண்டும் மோதிற்று. பல் உடைந்து நாக்கில் உருண்டது. நெரித்த கையைப் பற்றினார்; கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் பாதி விரலின் மொட்டை! அந்தக் கை அவரைக் கதவை நோக்கித் தள்ளிற்று. தாழ்ப்பாள் கடகடவென்று ஆடிற்று. திறந்தால் உயிர் தப்பலாம்…

யஹ்யா திறக்கவில்லை. ஒரு கையால் தாழை அழுத்திக்கொண்டு, மறு கையால் சுருளைப் படம் தெரியவைக்கும் டெவலப்பரில் திணித்தார். மூச்சு அடைத்தது, கண்ணுக்குள் சிவப்பு வெடித்தது. சுருள் ஃபிக்ஸருக்குள் இறங்கிய பிறகே பிடி விட்டது.

ஊறும் நேரம் முடிந்தபின் விளக்கைப் போட்டார். கழுத்தில் பதிந்திருந்தது படச்சுருளின் விளிம்பன்று, நார்க்கயிற்றின் முறுக்கு.

சுருளை உருப்பெருக்கியில் பார்த்தார். மேசைமேல் கேமராவை ஓடவிட்டு, ஒரு பெண் சிரித்தபடி தலை வாருகிறாள். நெகட்டிவில் முகம் கறுத்து, கூந்தல் வெளுத்திருந்தது. பின்னாலிருந்து அவள் கழுத்தில் விழுகிறது கிணற்று நார்க்கயிறு. அவள் முகத்தை மேசையில் மோதும் ஒரு கை. அதில் கட்டைவிரல் பாதி.

கதவைத் திறந்தார். பெருமாள்ராஜ் பதறினான்.

“என்ன வே, வாயெல்லாம் ரத்தம்! அடிபடுத சத்தம் கேட்டு நான் கதவைப் போட்டு இடிக்கேன், பெரியப்பா கண்ணை மூடி இங்கனயே உக்காந்திருந்தாவ…”

பெரியவர் நாற்காலியில்தான் இருந்தார். அந்த மொட்டை விரலிலிருந்து, தடிவழியே, கறுப்புப் பசை சொட்டிக்கொண்டிருந்தது.

“படம் வரலேல்லா?” என்றார்.

யஹ்யா உடைந்த பல்லைத் துப்பினார்.

“சித்தி முகம் வந்திருக்கு, பெருமாள்ராஜ். காயட்டும். காலையில நானே போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டு குடுக்கேன்.”