பங்கு என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னவருக்கு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே அமைந்த எங்கள் பொறியியல் கல்லூரியில், வேலைவாய்ப்புப் பிரிவின் கதவை ஒருநாளும் சாத்தி வைக்காத அனுசுயா அம்மையீர்! பதறி வந்தோரைப் பக்கத்தில் அமர்த்திப் பேசும் பண்பாளரே! வணக்கம்.

இன்று நிறைவுறும் உங்கள் நெடும்பணியைப் புகழத் தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வீர்கள். ஆகவே ஒரே ஒரு பிற்பகலைச் சொல்லி அமைகிறோம்.

பெங்களூரின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று எங்கள் மாணவி அபிநயாவைத் தேர்ந்தெடுத்தது. ஊதியத்தில் பாதி மாதச் சம்பளம். மீதி நிறுவனத்தின் பங்குகள், நான்காண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வருபவை. செந்துறையிலிருந்து வந்திருந்த அவள் தந்தை காசிநாதன், பங்கு என்றதுமே எழுந்துவிட்டார்.

"பங்குன்னாலே கோர்ட்டு கேஸுதாங்க. எங்க பங்காளிங்களோடயே இன்னும் தீரல. மொகந்தெரியாதவங்களோட எம்பொண்ணக் கோத்து விடுறீங்களே. இந்த வேலையே வேணாம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். நீங்கள் சிரிக்கவில்லை. நிறுவனத்தின் கடன் அவள் தலையில் விழாது என்றீர்கள். அது வளர்ந்தால் பங்கின் மதிப்பு வளரும், சரிந்தால் சுருங்கும், பாதியில் விலகினால் மிச்சம் கிடைக்காது, சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பச் செலவைப் போடுங்கள் என்றும் சொன்னீர்கள். சுருங்கும் என்பதை விட்டுவிடக்கூடாதா என்று கண்ணால் கெஞ்சினோம். அந்த வேலை கல்லூரிக்குப் பெயர், அபிநயாவுக்கு வாழ்க்கை. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்திருந்தாள்.

"அது யாரு பேருல வரும்?" என்றார் காசிநாதன்.

"அபிநயா பேருலங்க. அவ பேருல மட்டுந்தான்."

எழுந்து நின்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எங்க வூட்டுல பொண்ணுங்க பேருல ஒரு சென்ட்டு எழுதுனதில்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். பிறகு மகளிடம், "எப்ப கெளம்பணும்னு கேளு" என்றார்.

அன்று எங்களுக்குள் ஏதோ கூசியது. எங்களில் எத்தனை பெண்கள் கையெழுத்துப் போட்டுப் பிறந்த வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்!

இடையில் அந்தப் பங்கின் விலை இறங்கவும் செய்தது. அபிநயா கலங்கவில்லை, உண்மையை முன்பே கேட்டிருந்தாள். இன்று காசிநாதன் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார். மேடையேற மாட்டேன் என்றவர், ஒன்றை மட்டும் மடலில் சேர்க்கச் சொன்னார்: போன மாதம் பத்திர ஆபீசில், தம் முந்திரித்தோப்பை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டார்.

அம்மையீர், இனி விடியும் காலைகள் உங்கள் பேரிலேயே விடியட்டும்! குறையாத உடல்நலத்தோடு, நினைத்த ஊருக்கு நினைத்தபோது பஸ் ஏறி, நெடுங்காலம் வாழ்க!

உங்கள் அன்பில் வளர்ந்த
கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள்