ஜிதினின் பழைய பைத்தனைக் காத்த ஜேனட் அக்காவுக்கு

பூவார்க் கரை மீனவர் சங்கத்தின் கணினிப் பிரிவைக் கட்டிக்காத்த கண்ணியமே! கடலுக்குப் போகிறவர்களின் கைப்பேசியில் விடியுமுன் காற்றுச் செய்தி சேர்த்த கருணையே! கடுஞ்சொல் அறியாத எங்கள் ஜேனட் அக்காவே! பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி, வாடிய மனத்தோடு இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

சங்கத்துக்கு இருப்பது ஒரே கணினி. அதில் பைத்தன் என்னும் நிரல்மொழியின் மூன்று பதிப்புகள்: ஏலக் கணக்குக்கு ஒன்று, படகுப் பதிவுக்கு ஒன்று, காற்றுச் செய்திக்கு மிகப் பழையது ஒன்று. ஒரு பதிப்புக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது என்பதால், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளை ஒரே வீட்டில் குடிவைத்தாற்போல், ஒன்றின் சாமான் மற்றொன்றின் கையில் படாமல் தனித்தனியே வைத்துக் காத்தீர்கள். வெளியிலிருந்து வந்த பொறியாளர்கள் பழையதைத் தூக்கியெறியச் சொன்னபோதெல்லாம் சிரித்து மழுப்பினீர்கள். காரணம் எங்களுக்குத் தெரியும், அதைப் பேசத்தான் துணிவில்லை. காற்றுச் செய்திக்கான நிரலை எழுதியவன் உங்கள் மகன் ஜிதின். எழுதிய மறு ஆண்டே நெய்யாற்றின்கரைச் சாலையில் பைக் விபத்தில் அவன் போய்விட்டான். அவன் எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்ற உங்களுக்குக் கை வரவில்லை.

சென்ற ஆண்டு அவனுடைய நினைவுத் திருப்பலிக்காக நீங்கள் விடுப்பில் இருந்தபோது, ஏலக் கணக்கைச் சரிசெய்யப் போன நம் வினீத், கணினி முழுவதற்கும் புதிய பதிப்பே போதும் என்று மாற்றி வைத்தார். மறுநாள் விடியலில் ஜிதினின் நிரல் முதல் வரியிலேயே நின்றுபோனது. செய்தி வராவிட்டால் கடல் அமைதி என்பதல்லவா நம் கரையின் வழக்கம்! வள்ளங்கள் இறங்கின. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில், பலத்த காற்றில் ராபின்சனின் வள்ளம் கவிழ்ந்தது. எல்லாரும் நீந்திக் கரையேறியது கடவுள் செயல்.

தலை கவிழ்ந்து நின்ற வினீத்தைக் கடிந்து ஒரு சொல் சொன்னீர்களா? "உனக்க தப்பு இல்ல மக்கா. நான் எனக்க பிள்ளையக் கெட்டிப் பிடிச்சிட்டு இருந்தேன், அதாக்கும்" என்றீர்கள்.

அன்றே உட்கார்ந்து, மகனின் நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுதத் தொடங்கினீர்கள். கடல் அமைதியான நாளிலும் செய்தி போகும்படி செய்தீர்கள். பழையதையும் புதியதையும் மழைக்காலம் முழுக்க அருகருகே ஓடவிட்டு, இரண்டும் ஒரே விடை சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நேற்று, ஜிதினின் நிரலையும் அது ஓடிய பழைய பதிப்பையும் உங்கள் கையாலேயே நீக்கினீர்கள். "ஒரு நகல் எடுத்து வச்சிருக்கலாமே அக்கா" என்று நம் பிரிவின் லிஜி கேட்டார்.

"வேண்டாம் மக்கா. அவன் ஒறங்கட்டு" என்றீர்கள்.

நீடு வாழ்க என்று வாழ்த்தி முடிப்பது மரபு. மகனை அடக்கம் செய்த தாயிடம் அதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. ஆனாலும் அக்கா, சற்றே நிமிர்ந்து இந்தக் கூடத்தைப் பாருங்கள். காற்று பலம், இறங்க வேண்டாம் என்று இன்று விடியலில் நீங்கள் எழுதிய நிரல் செய்தி அனுப்பியது. கடலில் இருந்திருக்க வேண்டியவர்கள்தாம் உட்கார இடமின்றி இங்கே நிற்கிறார்கள். இவர்களுக்காகவாவது வாழுங்கள்.

கனத்த நெஞ்சுடன்,
சங்கத்துப் பணியாளர்கள்,
பூவார்.