மூன்றாவது முறை வாங்கிய சோறு

பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் அரசியல் கோட்பாடு நோட்டு. பத்து மணிக்குப் பரீட்சையாம். ஜன்னலோரம் இருந்தவளை நேற்றுதான் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. நோட்டுக்காரி திடீரென்று சொன்னாள்:

"மாப்ளயோட மாமா உங்க வூட்டுல மீன் கொழம்பு சாப்ட்டாருல்ல, அது மறைமுக சம்மதம்டி."

"இன்னாடி ஒளர்ற?"

"நோட்டுலயே இருக்கு. ஓட்டுப் போடாதவன்கூட அரசாங்கத்து ரோட்டுல நடந்தா, அந்த அரசாங்கத்துக்குச் சம்மதிச்ச மாதிரி. பேசி முடிக்காம யாராச்சும் பொண்ணு வூட்டுல கை நனைப்பாங்களா?"

"மழ புடிச்சிக்கிச்சு. பசியில வேற வழி இல்லாம சாப்ட்டாரு."

நோட்டுக்காரி பக்கத்தைப் புரட்டினாள். "அதயும் ஒருத்தர் கேட்டிருக்காரு. வேற வழி இல்லாதவன் சம்மதிச்சான்னு சொல்ல முடியாதாம்."

"பாத்தியா." ஜன்னலோரத்தவளின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மாப்ளய புடிச்சிருக்குடி."

"இரு. மாமா எத்தன தடவ சோறு வாங்குனாரு?"

"மூணு."

"மொத தடவ பசி. ரெண்டாவது மரியாதைக்கு. மூணாவது சம்மதம்டி."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. ஜன்னலோரத்தவள் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாடி. அந்த மாமா பேசுனாராம். நிச்சயதார்த்தத்துக்குச் சைவம்தான போடுவீங்க, அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சாப்பிட வரட்டுமான்னு கேட்டாராம்."