பெட்ரோல் மூடி

அலிப்பூரில் ஹவுரா மினிபஸ் ஏறிய ஒரு தமிழ்த் தம்பதி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள்.

"டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பாத்தாத்தான் உங்க கார் கிளம்பும்," என்றார் அந்த அம்மாள்.

"சும்மா வா. கார்பரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு, பிளக் மாத்தியாச்சு. கொஞ்ச தூரம் ஓடினா நின்னுடுது. நான் என்ன பண்ண?"

"பொண்ணு கைக்குழந்தையோட சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல இறங்கியிருப்பா. இப்படிக் காரை நடுரோட்டுல விட்டுட்டு பஸ்ல வர்றோமே!"

"தினமும் நின்னாலும் திரும்பக் கிளம்பும். இன்னிக்குத்தான் கிளம்பவே இல்ல."

"தினமும் பெட்ரோல் இருக்கான்னு திறந்து பாப்பீங்க. நேத்து டேங்க் நிரப்பினதால இன்னிக்குப் பாக்கல."

அவர் சட்டென்று அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "பழைய மூடியில ஒரு ஓட்டை இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு. மழைத்தண்ணி இறங்குதுன்னு நீங்கதான் புதுசு மாத்தினீங்க."

"ஐயோ, அது காத்து போற ஓட்டை! டேங்குக்குள்ள காத்து போகாம இஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படி வரும்? மெக்கானிக்கையில்ல திட்டித் தீர்த்தேன்!" எழுந்து கண்டக்டரிடம், "ரோக்கே, தாதா!" என்று வங்காளியில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பஸ் நின்றது. "இறங்கு, மூடியைத் திறந்தா கிளம்பிடும்."

அந்த அம்மாள் அசையவில்லை.

"நீங்க போய்த் திறங்க. எனக்குப் பேரனை இன்னிக்கே பாக்கணும்."