கறிக்கு ஊற்றிய கோர்பியேர்

தென் பிரான்சின் கோர்பியேர்க் குன்றுகளின் கூட்டுறவு ஒயின் கூடத்துக்குத் தலைமை தாங்கும் விதால் அவர்களே! திராட்சைக் கொடி கவாத்து செய்தே முதுகு வளைந்த பெரியோர்களே! அறுவடைக் கூடையைத் தோளிலும் பிள்ளையை இடுப்பிலும் சுமந்த தாய்மார்களே! உட்கார இடமின்றி நிற்கும் தம்பிமார்களே! உங்கள் ஒதெத்தின் வணக்கம்!

"மலிவான சிவப்பு" என்கிறார்கள் நம் ஒயினை. எது மலிவு? கல்லைப் பிளந்து கொடி ஊன்றிய கையா? காற்று அறைந்து காய்ந்த முகமா? மழை மறந்த மண்ணில் மனம் மறக்காமல் உழைத்தோமே, மலிந்து போனது ஒயினா, மனிதனா?

என் பக்கத்துத் தோட்டக்காரர் மர்சியால் ரூக்கெத்தை அறிவீர்கள். போன வசந்தத்தில் அவர் மகள் நதேஜுக்கு நார்போன் நகரில் திருமணம். தன் கொடியில் விளைந்த ஒயினைப் பெட்டி பெட்டியாய் ஏற்றிக்கொண்டு போனார். புட்டிக்குப் புட்டி நம் ஊர்ப் பெயர்!

விருந்து மேசையில் நின்றவையோ வேறு சீமையின் பொன்னெழுத்துப் புட்டிகள்.

"நம்ம பெட்டியெல்லாம் எங்கேங்க சம்பந்தி?" என்றார் மர்சியால்.

மாப்பிள்ளையின் தகப்பனார் அவர் தோளைத் தட்டினார். "வீணாக்கலீங்க! சமையக்கட்டுல குடுத்துட்டேன். மாட்டுக்கறிக்கு ஊத்துனா உங்க சரக்கு பிரமாதமா இருக்கும்!"

சிரிக்கிறீர்களா? அங்கேயும் சிரித்தார்கள், ஐயா! மகள் சிரிக்கவில்லை, ஆனால் பேசவும் இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மர்சியால் அந்தக் கறியை முழுதும் தின்றார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரம் அவர் தோட்டத்தில் இயந்திரம் உறுமியது. ஓடினேன்.

"என்னண்ணே இது? பைத்தியமா உங்களுக்கு?"

"தள்ளி நில்லும்மா ஒதெத். குழம்புல ஊத்தவா இத்தனை கொடி? எம்புள்ளையே வாயைத் தொறக்கல. இனிமே எவன் பேசி என்ன ஆவப்போவுது?"

கொடிகள் வேரோடு சாயச் சாய, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

இன்று நம்மிடம் என்ன கேட்கிறார்கள்? நகரத்து வியாபாரிக்கு இந்தக் கூடத்தை விற்க வேண்டுமாம். நம் ஒயின் பெயரில்லாமல் தொட்டி வண்டியில் போகுமாம்!

யாரப்பா அது? "வயிறுன்னு ஒண்ணு இருக்கே அக்கா" என்கிறாயா? இருக்கிறது தம்பி, எனக்கும் இருக்கிறது! வயிற்றுக்காக இன்று பெயரை விற்கிறாய். நாளை அதே வயிற்றுக்கு எதை விற்பாய்?

மணியடிக்கிறீர்களா தலைவரே? முடிக்கிறேன்.

மர்சியால் வந்திருக்கிறார். வாசலுக்கு வெளியே நிற்கிறார். கொடியில்லாதவருக்கு இங்கே வாக்குரிமை இல்லை. அது நாம் போட்ட விதி. அவருக்காக அன்று அந்தக் கல்யாண மண்டபத்தில் ஒருவர்கூட எழவில்லை. இன்று விற்கச் சொல்லிக் கை தூக்குகிறவர்கள், மேடையைப் பார்த்துத் தூக்காதீர்கள். வாசல் பக்கம் திரும்புங்கள். அவர் கண்ணைப் பார்த்துத் தூக்குங்கள். முடிந்தால், விற்றுவிடுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வெளியே நிற்கும் அண்ணனுக்கு என் வணக்கம்.