காலிருக்கிற சிப்பு

கம்ப்யூட்டர் சிப்புல சிவப்புப் பெட்டி, ஏ.எம்.டி., எங்கிட்ட கெடையாதுங்கய்யா. இன்டெலோட நீலம் மட்டுந்தான். ஆமா, பக்கத்துக் கடையில முத்திசோ வெச்சிருக்கான், எதுத்த கடையிலயும் இருக்கு. எங்கிட்ட இல்ல. இன்டெல் வேணும்னா உக்காருங்க. ஏ.எம்.டி.தான் வேணும்னாலும் உக்காருங்க, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு இரைக்குது. கீழ லிஃப்ட்டுன்னு போர்டு தொங்குதே, அது தொங்கறதோட சரி. நைரோபிக்குப் புதுசா? பேச்சக் கேட்டா மேக்கால, புங்கோமா பக்கம் மாதிரி இருக்கு.

ம்... புங்கோமாவேதானா.

நாந்தான் சிருவோட அம்மா, மக பேரச் சொல்லித்தான் இங்க என்னயக் கூப்பிடுவாங்க. பொம்பளைக்கு என்ன தெரியும்னு பாக்காதீங்க, இந்த மாடியில மொத மொதல்ல கம்ப்யூட்டர் பூட்ட ஆரம்பிச்சவ நான். பதினாறு வருஷமாச்சு. இங்க இருக்கறவனுங்கள்ல பாதிப் பேரு எங்கிட்டதான் திருப்புளி புடிக்கக் கத்துக்கிட்டானுங்க. இப்ப எனக்கே எதிர்க்கடை.

வீட்டுக்குத்தானே? யாரு உக்காந்து தட்டப் போறது? சரி, சொல்லலேன்னா விடுங்க.

ரெண்டுல எது ஒசத்தின்னு கேட்டா, ஃபுட்பால்ல கோர் மஹியாவா லெப்பர்ட்ஸான்னு கேக்கற மாதிரிதான். நீங்க லெப்பர்ட்ஸும்பீங்க, உங்க ஊருக்காரங்க எல்லாரும் அதான். நான் ஒண்ணு சொன்னா நாளைக்கு வரைக்கும் சண்ட போடலாம். வீட்டு வேலைக்கு ரெண்டும் போதுங்கய்யா. லெட்டர் அடிக்கணும், பரீட்ச பேப்பர் தயார் பண்ணணும், படம் பாக்கணும், அவ்வளவுதானே. ஒண்ணே ஒண்ணு பாத்து வாங்கணும். நீலத்துல பேருக்குப் பின்னால எஃப்புன்னு ஒரு எழுத்து இருந்தா தொடாதீங்க, தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடலேன்னா திரை கறுப்பாவே நிக்கும். போன வாரம் ஒரு பாதிரியார் எங்கயோ வெல கொறச்சலா இருக்குன்னு எஃப்ப வாங்கிட்டுப் போயி, படம் வரலேன்னு மெஷின் மேல கைய வெச்சு ஜெபமே பண்ணியிருக்காரு. அப்புறம்தான் எங்கிட்ட வந்தாரு. சிவப்புன்னா பேருக்குப் பின்னால ஜி இருக்கணும்.

உங்க கையில இருக்கற சீட்டுலயும் ஜி போட்டிருக்கு. எழுதிக் குடுத்தவங்களுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு. கொஞ்சம் குடுங்க பாக்கலாம். இல்ல வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. மடிப்புல கிழியற மாதிரி இருக்கு.

ஏன் விக்கறதில்லன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க. சரி, காட்டறேன். இது நீலம். அடியில தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கா? வெறும் புள்ளிதான். காலெல்லாம் போர்டுல இருக்கும். சிப்ப உள்ள வெச்சு, மேல இரும்புச் சட்டத்தப் போட்டு அமுக்கிட்டா அங்கயே கெடக்கும், நீங்க போன்னாலும் போகாது. சிவப்புல, இப்ப புதுசா வர்றத விடுங்க, உங்க சீட்டுல இருக்கற ரகத்துக்குக் காலு சிப்புலயே இருக்கும். ஆயிரத்து முன்னூத்தி முப்பத்தோரு காலு, மயிரு மாதிரி. குழியில எறக்கிட்டு பக்கத்துல ஒரு கம்பிய அழுத்தினா புடிச்சுக்கும். மேல சட்டம் கெடையாது. நல்ல சரக்குதான், நான் கொற சொல்லல. காலு இருக்கறது ஒரு நாள் நடந்துரும், அவ்வளவுதான்.

சிரிக்க மாட்டேங்கறீங்க. மத்தவங்க இந்த எடத்துல சிரிப்பாங்க. ஒரு பொருளக் காணோம்னா கால் மொளச்சுப் போயிருச்சான்னு கேப்போமே, அதச் சொன்னேன்.

ஒண்ணுமில்ல முத்திசோ, கஸ்டமருதான். ஆமா, நீலம் பாக்கறாரு. இல்லப்பா, வேண்டியதெல்லாம் எங்கிட்டயே இருக்கு, நீ போயி உன் யாவாரத்தப் பாரு.

போயிட்டான். இருங்க, கதவச் சாத்திக்கறேன். மழ வருது, சாரலடிக்கும். பூட்டல, பயப்படாதீங்க, சும்மா சாத்தினேன். இனிமே கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

ஏறி வரும்போது ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னீங்க. நான் மேலேருந்து பாத்துட்டுதான் இருந்தேன். தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னீங்க. நேத்தும் அதே எடம். வேணாங்கய்யா. அங்க யாரும் நிக்க மாட்டாங்க, எல்லாரும் செவுத்தோரமா ஒதுங்கி எறங்கிப் போயிருவாங்க. முத்திசோ உங்களப் பாத்துட்டு, யாரு இந்தாளுன்னு எங்கிட்ட வந்து கேட்டான். பல்லு வலியா இருக்கும், ரெண்டாவது மாடியில பல் டாக்டர் இருக்காருல்லன்னு சொல்லி வெச்சேன். யாராச்சும் கேட்டா நீங்களும் அதயே சொல்லுங்க.

ஆமா. அங்கதான். கீழ டீ விக்கறவ சொன்னாளா? அவளுக்கு வாயி நீளம். ரெண்டு வருஷமாச்சு, இதே மழ மாசம். ஒரு வாத்தியார், இருபத்தாறு வயசு. ஒரு சிப்ப எடுத்துட்டான்னு சொன்னாங்க. யாரோ திருடன்னு கத்துனாங்க.

எடுத்தானா இல்லியான்னா? செத்தவன் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்னங்கய்யா. ஏன் ஓடினான்னு கேளுங்க. போலீஸும் அதத்தான் கேட்டுச்சு, தப்புப் பண்ணாதவன் எதுக்கு ஓடறான்னு. உங்க ஊருல எப்படியோ தெரியாது. இந்தத் தெருவுல அந்த வார்த்தை காதுல விழுந்தா நானும் ஓடுவேன், அந்தப் பாதிரியாரும் அங்கியத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு. நின்னு வெவரம் சொல்றதுக்கு யாரு விடுவா? ஆனா ஓடினா அதுவே சாட்சி. அதான் இங்க சட்டம். எந்தக் கோர்ட்டும் எழுதல, எல்லாருக்கும் தெரியும்.

முத்திசோ ரொம்ப நல்லவன். எனக்கு ஆப்பரேஷன் பண்ணப்ப ரத்தம் குடுத்தான். அன்னிக்கு மொதல்ல தொரத்திக்கிட்டு ஓடுனவன் அவன்தான். எதுத்த கடைக்காரன் இரும்புக் கம்பியோட போனான். இந்த மாடியில அன்னிக்குக் கை ஓங்காதவங்க ஒருத்தருமில்ல. கீழ சுமை தூக்கறவங்க, பைக் ஓட்டறவங்க, யாருக்கும் அவன் பேருகூடத் தெரியாது. மறுநாள் எல்லாரும் வந்து கடையத் திறந்தோம். நல்ல யாவாரம்.

யாரோ கத்துனாங்கன்னு சொன்னேன்ல. நாந்தாங்க கத்தினேன். பொம்பளக் கொரலுக்குக் கூட்டம் சீக்கிரம் கூடும்.

உக்காருங்க. இப்ப எந்திரிச்சுக் கதவத் தொறந்தீங்கன்னா முத்திசோ எட்டிப் பாப்பான், உங்க மூஞ்சியப் பாத்தாலே புரிஞ்சுக்குவான். நீங்க யாருன்னு எனக்குச் சீட்ட விரிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. அது என் கையெழுத்து. மேல பராசா சார்னு எழுதி அடியில கோடு போட்டிருக்கேன். இன்னிக்கு ஒண்ணும் வாங்கல, அப்பாகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு அந்தச் சீட்ட வாங்கிட்டுப் போனான். அப்புறம் பத்து நாள் கழிச்சு வந்தான். எங்க கெடச்சுது உங்களுக்கு? பைபிளுக்குள்ளயா. ம்.

ஊருல என்ன சொல்றாங்க? திருடனோட அப்பனுன்னா? பொதைக்கும்போது அவனப் பத்திப் பேச ஒருத்தர்கூட எந்திரிக்கலியா. அவன் பாடம் சொல்லிக் குடுத்த புள்ளைங்களக்கூட வர விடலியா. அதுக்காகவா வந்தீங்க? எங்களையெல்லாம் உள்ள தள்ளறதுக்கில்ல, எடுத்தானா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும்னா இவ்வளவு தூரம் வந்தீங்க? அப்பன்னா இப்படித்தான் இருப்பாங்களா, எனக்குத் தெரியாது. எங்கப்பன் எனக்காக எதுத்த தெருவுக்குக்கூட வந்ததில்ல.

சொல்றேன். அவனோட மெஷின் முடிஞ்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. எல்லாம் நல்லாருக்கு, ஃபேன் மட்டும் சத்தம் போடுதுன்னான். எங்கப்பா அதே ரூம்லதான் தூங்குவாரு, சத்தமில்லாத ஃபேனா மாத்திக் குடுங்கன்னான். சரின்னு நிறுத்திட்டு ஃபேனக் கழட்டினேன். அடியில கனமா ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், சிப்புச் சூட்ட உறிஞ்சறதுக்கு. கட்டியோட சேத்து இழுத்து மேஜயில நிமுத்தி வெச்சேன். அதுக்குள்ள ஃபோனு. சிருவோட பள்ளிக்கூடத்துலேருந்து, அவ யாரையோ கடிச்சுட்டாளாம். பேசிட்டுத் திரும்பறேன், போர்டுல குழி காலியா இருக்கு. சிப்பக் காணோம். அதுக்கு மொத வாரந்தான் எனக்கு ரெண்டு சிப்பு களவு போயிருந்துச்சு. எதுக்க அவன் மட்டும் நிக்கறான், ஒரு கை பாக்கெட்டுக்குள்ள.

கத்திட்டேன்.

அவன் சிரிச்சானுங்கய்யா. நான் வெளையாடறேன்னு நெனச்சுட்டான். அம்மா, நான் எதுக்கு என் சொந்தச் சிப்பத் திருடணும்னு கேட்டான். நியாயந்தானே, காசு குடுத்து வாங்கற பொருள எவனாச்சும் திருடுவானா? எனக்கு அது அப்ப ஒறைக்கல. அதுக்குள்ள முத்திசோ கதவுல நின்னான். அவனப் பாத்ததும் உங்க பையனோட சிரிப்புப் போயிருச்சு. பாக்கெட்டுலேருந்து கைய எடுத்தான், வேர்க்கடலை கீழ சிந்துச்சு. வேற ஒண்ணுமில்ல. முழுங்கிட்டான்னு யாரோ சொன்னாங்க. படியில வீசிட்டான்னு ஒருத்தன். அவன் ஓடினான்.

இல்ல. எடுக்கல. உங்க பையன் எடுக்கலங்கய்யா.

சிப்புக்கும் அந்தக் கட்டிக்கும் நடுவுல பசை தடவுவோம். புதுசுலயே அது கெட்டியா ஒட்டிக்கும். மெதுவாத் திருகித்தான் எடுக்கணும், நேரா இழுத்தா சிப்பும் அதோடயே புடுங்கிக்கிட்டு வந்துரும், மேல புடிக்கச் சட்டமில்ல பாருங்க. பதினாறு வருஷமா எல்லாருக்கும் இதத்தான் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு அவசரத்துல நானே நேரா இழுத்திருக்கேன். மேஜய ஒழிக்கலாம்னு ஃபேனத் தூக்கினா, சிப்பு அடியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஒரு காலுகூட வளையல.

யாருகிட்டயும் சொல்லல. சொன்னா இந்த மாடியில அத்தன பேரும் கொலகாரங்க. இப்ப அவங்க திருடன அடிச்சவங்களா மட்டும் இருக்காங்க, தூங்கறாங்க, கோயிலுக்குப் போறாங்க. நான் வாயத் தொறந்தா மொதல்ல என்னத்தான் அந்தப் படியில எறக்குவாங்க.

இந்தாங்க, அதே சிப்புதான், எடுத்துக்குங்க. டப்பாவோட. ஜி போட்டதுதான், உங்க சீட்டுல இருக்கறதே. ஊருல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்க, கடைக்காரியே ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க. என் பேரு வங்கேச்சி, அதயும் சொல்லுங்க. அங்க சொல்லுங்க, இங்க படியெறங்கற வரைக்கும் நீங்க பல்லு வலிக்காரர்தான்.

என்ன?

எப்பக் கெடச்சுதுன்னா?

அதக் கேக்காமப் போயிருக்கலாம் நீங்க.

அவன் ஓடி ஒரு நாலு நிமிஷம் இருக்கும். கடையில ஒருத்தருமில்ல, எல்லாரும் படியில. அவன் கொரல் இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. என்னயத்தான் கூப்பிட்டான், அம்மா, வந்து சொல்லுங்கம்மான்னு. சிப்பு என் கையில இருந்துச்சு. ரெண்டு எட்டு வெச்சு, கைப்பிடிச் செவுத்துல எட்டிப் பாத்து, கெடச்சுருச்சு விடுங்கடான்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். என் கொரலுக்கு நின்னிருப்பாங்க.

நான் கதவச் சாத்திக்கிட்டேங்கய்யா.