இடது முன் சக்கரம்

சக்கரத்தை வெயிலில் நிறுத்திக் கழுவக் கூடாது, ஐயா. பலரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். ஓடி வந்த வண்டியின் சக்கரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் தண்ணீரை அடித்தால் அடித்த இடத்திலேயே காய்ந்து திட்டுத்திட்டாக நின்றுவிடும். அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நிழலில் விட்டு, புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தணிந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். எதையும் ஆற விட்டுச் செய்வது என் பழக்கம்.

வாயால் சொன்னால் போதும் என்றீர்கள். நான்தான் எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டேன். எழுத்து என் கைக்கு வந்தது போன வருஷம்தான். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது, காகிதத்தை அழுத்திப் பிடிக்க வரவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கடை மெக்கானிக்கை நீங்கள் விட்டுவிடலாம். முன் சக்கரம் இரண்டிலும் பிரேக் தூள் ஒன்றுபோல இருந்தது, அதைப் பார்த்துத்தான் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக அவர் சொல்கிறார். நொறுங்கிய வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் இடது பக்கப் பிரேக் துருப்பிடித்து, வேலை செய்யாமல் எத்தனையோ நாளாக இறுகிப்போயிருக்கிறது என்கிறார்கள். அதனால் மெக்கானிக் புளுகுகிறார் என்று முடிவுகட்டி ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவர் புளுகவில்லை. அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது. எனக்கு இப்போது யாரும் இல்லை.

பிரேக் தூளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிரேக்கை மிதித்தால் பிரேக் கட்டை போய், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு வட்டைக் கவ்வும். கவ்வும்போது இரண்டும் தேயும். தேய்ந்த தூள் சுடச்சுடப் பறந்து ரிம்மில் அப்பிக்கொள்ளும். பார்வைக்குச் சாம்பல்போல இருக்கும், ஆனால் அதில் இரும்பு இருக்கிறது. ஈரம் பட்டால் துருவேறிப் பெயிண்டைத் தின்றுகொண்டே உள்ளே போகும். அதைத் தடுப்பதுதான் என் பிழைப்பு. சக்கரத்தைக் கழற்றி, உட்புறம் வெளிப்புறம் கழுவி, இரும்பைக் கரைக்கிற மருந்தைத் தெளிப்பேன். தெளிக்கும்போது தண்ணீர்போல இருக்கும். தூள் எங்கே இருக்கிறதோ அங்கே ஊதாவாக மாறிக் கண்மை கலைந்த மாதிரி வடியும். வடிந்து தீர்ந்ததும் துடைத்து, மெழுகைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். காய விட்டு இன்னொரு பூச்சு. நேரே சக்கரத்தில் தெளித்தால் மெழுகு பிரேக் வட்டில் படும், வண்டி நிற்காது. அதனால் நான் ஒருநாளும் தெளித்ததில்லை. ஊரில் என்னைச் சக்கரக்காரர் என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

பஸ் டிப்போவில் இருந்தபோது ஜாக்கி நழுவி விரல் போயிற்று. அதற்கு ஈடாகக் கொஞ்சம் பணம் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் கடை போட்டோம். நானும் மைத்துனனும். மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. கைப்பிள்ளையாக அவன் எங்களோடு வந்தவன், முதுகில் சுமக்காத குறையாக நான்தான் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். வாய் சாமர்த்தியம் அவனுக்கு. வருகிற வண்டிக்காரர்களிடம் அவன் பேசுவான், நான் குனிந்தபடி வேலையைப் பார்ப்பேன். "எங்க அத்தான் கை பட்டா சக்கரம் கண்ணாடி. உங்க வீட்டுக்காரம்மா நின்னு பொட்டு வெச்சுக்கலாம்" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். பிடித்துத்தான் இருந்தது.

கடை திறந்த அன்று பலகை மாட்டினோம். நீலத்தில் வெள்ளை எழுத்து. எனக்கு அது ஒரு கோலம் மாதிரிதான். "என்னடா போட்டிருக்கு" என்று கேட்டேன். "உங்க பேருதான் அத்தான் மொதல்ல. அப்புறம்தான் நான்" என்றான். மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் எட்டாவது வரை படித்தவள். தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பலகையைத் துடைப்பேன். ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. மெழுகு மிச்சமிருந்தால் அதற்கும் ஒரு பூச்சு. எதிரே டீக்கடைக்காரர், "பலகையத் தேச்சே ஓட்டை போட்டுடுவீங்க போல" என்று கேலி செய்வார். அவருக்கும் படிக்கத் தெரியும். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். தெருவே படித்துவைத்திருந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

நூலக மாடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாருக்கும் சொல்லாமல் சேர்ந்தேன். சக்கர மருந்து வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஒருநாள் பலகையை உரக்கப் படித்துக் காட்டி இரண்டு பேரையும் அசத்த வேண்டும் என்று ஆசை. என் பேரைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன். கற்ற மறுநாள் ஸ்டூலில் ஏறி நின்று தேடினேன். என் பேரின் முதல் எழுத்து அந்தப் பலகையில் எங்கேயும் இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா, ஐயா. தப்பாகக் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். வகுப்புக்குத் திரும்பிப் போய், இந்த எழுத்தை வேறு மாதிரியும் எழுதுவார்களா என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். இல்லை, ஒரே மாதிரிதான் என்றார்கள். பலகைக்காரர் அழகுக்காக மாற்றி எழுதியிருப்பாரோ என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ சொன்னார்கள். எல்லா எழுத்தும் கைக்கு வரும்வரை காத்திருந்தேன். வந்த பிறகு படித்தேன். அவன் பேர். அதற்குக் கீழே, சக்கரப் பராமரிப்பு நிலையம். வேறொன்றும் இல்லை.

அப்போதும் நான் கோபப்படவில்லை. ஆற விட்டேன். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மனைவி நிற்கும்போது, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"ஏன்டா, அந்தப் பலகையில என் பேரு எது, உன் பேரு எது? ஒருக்கா காட்டேன்."

அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. எச்சில் கையை மடக்கிக்கொண்டு மற்றக் கையால் காட்டினான். "இதோ, இது நான். இங்கேர்ந்து இது வரைக்கும் நீங்க."

"நீளமா இருக்கே."

"பெரிய மனுசன் பேருன்னா நீளமாத்தான் இருக்கும் அத்தான்."

அவன் விரல் சக்கரம் என்கிற எழுத்துகளின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. முதலில் என் பேர் என்று சொன்னவன் இப்போது இடத்தை மாற்றிக் காட்டுகிறான் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. பொய்யைக்கூட எனக்காக ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நான் மனைவியைப் பார்த்தேன்.

"அப்படியா?" என்றேன்.

அவள் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ஆமாங்க, உங்க பேருதான். சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றாள்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கடைப் பத்திரத்திலும் நான் இல்லை. எங்கள் கடை இருக்கிற மேட்டுக்குக் கீழே இரண்டாவது கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பலகைகூட எழுதி வந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அதை மறைத்துவைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. குனிந்து செருப்பைத் தேடும்போது படித்தேன். அவன் பேரும் அவன் அக்காள் பேரும் இருந்தன.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். மைத்துனன் வண்டியை மாதம் ஒருமுறை நான்தான் கழுவுவேன். அந்த முறை வலது முன் சக்கரத்தில் மருந்தைத் தெளித்தேன், ஊதாவாக வடிந்தது. பின் சக்கரங்களிலும் லேசாக வடிந்தது. இடது முன் சக்கரத்தில் தெளித்தேன். வெறும் தண்ணீராகவே ஓடியது. இன்னொரு தடவை தெளித்துப் பார்த்தேன். தண்ணீர்தான்.

தூள் விழாத சக்கரம் சுத்தமான சக்கரம் இல்லை, ஐயா. அது பிரேக் பிடிக்காத சக்கரம்.

அவனிடம் சொல்லத்தான் எழுந்தேன். கையைக்கூடத் துடைத்துவிட்டேன். அதற்குள் அவன் ஒரு வண்டிக்காரரை அழைத்துக்கொண்டு வந்து அந்தச் சக்கரத்தைத் தொட்டுக் காட்டினான். "பாருங்க சார், நான் பூசுற பூச்சு. ஒரு பொட்டுத் தூள் ஒட்டுதா?" என்றான். நான் பூசுகிற பூச்சு என்றான். நான் அங்கேயே, துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர், "பிரமாதம்" என்று அவனுக்குக் கை கொடுத்தார். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பது குற்றம் என்றால், அந்தத் தெருவில் பாதிப் பேரை நீங்கள் அழைத்துவர வேண்டியிருக்கும்.

சில நாள் கழித்து அவனே, "அத்தான், பிரேக்க அமுக்கினா வண்டி வலப்பக்கமா இழுக்குது" என்றான். காற்று குறைவாக இருக்கும் என்று சொல்லிக் காற்றடித்துக் கொடுத்தேன். மறுநாளும் இழுத்திருக்கிறது. "நாளைக்கு மெக்கானிக்க ஒருக்கா பாக்கச் சொல்லிட்டு, அப்படியே அக்காவக் கூட்டிக்கிட்டுப் போயி புது எடத்தக் காட்டிட்டு வரேன்" என்றான். அக்காள் வருகிறாள் என்பது எனக்கு முந்தின நாளே தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

காலையில் மெக்கானிக் வந்தார். அவசரத்தில் இருந்தார். முன்புறம் குனிந்து, வலது ரிம்மில் விரலை வைத்து இழுத்தார். இடது ரிம்மிலும் இழுத்தார். இரண்டு விரலையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கறுப்பு. "பிரேக் ரெண்டும் சமமா வேல செய்யுது. டயர்தான் தேஞ்சிருக்கு, அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்று விரலைத் துடைத்துக்கொண்டு போனார். சக்கரத்தைக் கழற்றாமல் அப்படித் தூளை வைத்தே பார்க்கிற வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர் என்னை நம்பித்தான் அப்படிப் பார்க்கிறார்.

மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "நீங்களும் வாங்களேன், ஒரு எட்டு பாத்துட்டு வந்திடலாம்" என்றாள். ஒரு வண்டிக்கு முதல் பூச்சுப் போட்டிருக்கிறேன், விட்டுவிட்டு வர முடியாது என்றேன். அது உண்மை. வேண்டுமானால் அந்த வண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்குப் பெல்ட்டை இழுத்துப் பூட்ட வரவில்லை. நான்தான் குனிந்து பூட்டிவிட்டேன். "பத்திரம்" என்று சொன்னேன். மேட்டிலிருந்து இறங்குகிற சாலை அடியில் இடது பக்கம் திரும்புகிறது. அங்கே யாரானாலும் பிரேக்கை அழுத்தி மிதிக்கத்தான் வேண்டும். வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான் அவர்கள்மேல் விரல்கூட வைக்கவில்லை. துருவை நான் உண்டாக்கவில்லை. வண்டியை நான் ஓட்டவில்லை. மெக்கானிக் விஷயம் மட்டும்தான் பாக்கி, அதற்காகத்தான் வந்தேன். அவர் விரலில் கறுப்பு ஒட்டியது நிஜம்.

முந்தின நாள் மாலை, கடையைப் பூட்டுமுன், வலது சக்கரத்தின் உட்புறத்திலிருந்து தூளைப் பழைய பிரஷ்ஷால் ஒரு மூடியில் வழித்து எடுத்தேன். இடது சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். வெறுமனே அள்ளிப் பூசினால் கண்டுபிடித்துவிடுவார்கள். தூள் அப்படி விழாது. நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்துக்குப் போகப்போக மெல்லிசாகவும் விழும், போல்ட்டுக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒதுங்கும். வாயால் ஊதி ஊதி ஈரம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டவைத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. எழுந்து தள்ளி நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஆயுசு முழுக்கச் சக்கரத்தில் தூள் ஒட்டாமல் பார்த்துக்கொண்டவன் நான். ஒரே ஒரு சக்கரத்தில்தான் என் கையாலேயே தூள் பூசினேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்துப் பாருங்கள், அது என் பேர்தான். அதை எழுதியதைவிட அந்தச் சக்கரத்தை நன்றாகவே செய்திருந்தேன். எது உண்மையான தூள், எது நான் பூசியது என்று எனக்கே தெரியவில்லை.